அவசரப்பட்டு நட்டால் பூக்குமா?

மழை எப்போது வரும்?

புதுக்கோட்டை மாவட்டத்தில் இந்தக் கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லக்கூடியவர் யாரும் இல்லை.

வருடம் முழுவதும் தண்ணீர் ஓடும் ஆறு அங்கே கிடையாது. வெள்ளாறு இருக்கிறது. ஆனால், மழை பெய்தால்தான் அதில் தண்ணீர். கல்லணைக் கால்வாய்த் தண்ணீர் கடைமடையில் உள்ள சில பகுதிகளுக்கு மட்டும் வருகிறது. மற்ற ஊர்களுக்குக் கண்மாயும் கிணறும்தான் கதி. இந்த இரண்டுக்கும் தண்ணீர் கொடுப்பது மழை.

அந்த மழையோ, வரவேண்டிய நாளில் வருவதில்லை. வரக்கூடாத நாளில் வந்து கொட்டுகிறது!

இதனால் மிகவும் கஷ்டப்படுகிறவர்களில் பூ விவசாயிகளும் உண்டு. ஆலங்குடிக்குக் கிழக்கே கீரமங்கலம் என்ற ஊர் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள கிராமங்களில் மல்லிகை, முல்லை, கனகாம்பரம், செண்டி, சம்பங்கி எல்லாம் விளைகின்றன. விடியும் முன்பே பெண்கள் தோட்டத்துக்குப் போய்ப் பூப் பறிக்கிறார்கள். வெயில் ஏறுவதற்குள் பூ மார்க்கெட்டுக்குப் போய்விடவேண்டும். அன்றைய விலைதான் அன்றைய வருமானம். நெல்லைப்போல மூட்டை கட்டி வைத்து, விலை ஏறட்டும் என்று காத்திருக்க முடியாது.

அப்படிப்பட்ட விவசாயி, நடும்போதே தப்புச் செய்துவிட்டால் என்ன ஆகும்? போட்ட பணம் மண்ணோடு போகும். அந்த வருடத்துத் தீபாவளிச் செலவுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் கடன் வாங்கவேண்டி வரும்.

ஆகவே, எப்போது நடுவது என்பது சின்னக் கேள்வி அல்ல. அது ஒரு குடும்பத்தின் ஒரு வருட வாழ்க்கை.

மெக்சிகோவில் இருந்து வந்த பூ

சம்பங்கி என்று பூக்கடையில் விற்கிறார்களே, அது நிலச்சம்பங்கி. மாலை கட்டுவதற்கு இதைப்போல ஏற்ற பூ இல்லை. கல்யாண வீட்டிலும் கோவிலிலும் இது இல்லாமல் நடக்காது. ஆனால், இதன் பூர்வீகம் தமிழ்நாடு அல்ல. வடஇந்தியாவும் அல்ல. அமெரிக்கக் கண்டத்தில் உள்ள மெக்சிகோதான் இதன் சொந்த ஊர்!

அதே மெக்சிகோவில் பிறந்த இன்னொரு பூ, டாலியா. ஊட்டிக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள். தட்டு அகலத்துக்குக்கூடப் பூக்கும். 1789-ம் ஆண்டு அது ஸ்பெயின் நாட்டின் மாட்ரிட் நகரத் தோட்டத்துக்கு வந்தது. சுவீடன் நாட்டுத் தாவர நிபுணர் ஆண்டர்ஸ் டால் என்பவரின் பெயரை அதற்கு வைத்தார்கள். 1963-ல் மெக்சிகோ அதைத் தேசிய மலராக அறிவித்தது.

சம்பங்கியையும் டாலியாவையும் மண்ணுக்கு அடியில் இருக்கும் கிழங்கை வைத்தே வளர்க்கிறார்கள். இரண்டுக்கும் நடும் நேரத்தில் ஆபத்து உண்டு. ஆனால், ஆபத்து வேறு வேறு.

ஐரோப்பாவில் டாலியாவுக்கு எமன், உறைபனி. குளிர்காலம் முடிந்தது, வெயில் வந்துவிட்டது என்று நம்பி ஏப்ரல் மாதமே தளிரை வெளியே வைப்பார்கள். திடீரென்று ஓர் இரவு பனி கொட்டும். காலையில் பார்த்தால் தளிர் கருகிக் கிடக்கும்!

புதுக்கோட்டையில் பனி உறைவதில்லை. அங்கே சம்பங்கிக்கு மூன்று எதிரிகள். வைகாசி வெயில் ஒன்று. ஆடிக் காற்று இரண்டு. ஐப்பசியில் தேங்கும் மழைத் தண்ணீர் மூன்று.

கோடை மழை செய்யும் மோசடி

சித்திரையில், வைகாசியில் ஒரு நாள் மாலை கறுத்துக்கொண்டு வரும். இடி இடிக்கும். அரை மணி நேரம் கொட்டித் தீர்க்கும். மண் வாசனை எழும். ‘இந்த வருடம் மழை முந்திவிட்டது’ என்று ஊரே பேசும். மறுநாளே ஏர் பூட்டவேண்டும் என்று கை பரபரக்கும்.

இங்கேதான் மோசம் போகிறார்கள்.

கோடையில் பெய்வது இடி மழை. பகல் வெப்பத்தில் சூடான காற்று மேலே எழும்புகிறது. மேலே போய்க் குளிர்ந்து மேகமாகிறது. அது அந்த இடத்திலேயே கொட்டிவிட்டுக் கலைந்துபோகிறது. அதனால்தான் ஆலங்குடியில் மழை பெய்யும்போது அறந்தாங்கியில் வெயில் அடிக்கிறது. இன்று பெய்தது என்பதால் நாளை பெய்யும் என்று அர்த்தம் அல்ல.

மேல் மண் நனைந்திருக்கும். ஒரு சாண் தோண்டிப் பார்த்தால் அடியில் புழுதி! இரண்டு நாள் வெயிலில் மேல் ஈரமும் காய்ந்துவிடும். அந்தச் செம்மண் சூட்டில் கிழங்கு வெந்து சுருங்கும்.

மழையை எதிர்பார்க்காமல், கிணற்றுத் தண்ணீரை இறைத்து நடுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கும் இதே கதைதான். அந்த வெயிலில் பாய்ச்சும் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகிறது. வயலில் பயிர் முளைப்பதற்கு முன்பே கிணற்றில் தண்ணீர் இறங்கிவிடுகிறது.

சரி, வெயில் தணியட்டும் என்று ரொம்பவும் தாமதித்தாலும் ஆபத்துதான். புரட்டாசியில் நட்டால், இளம் தளிர் நேராக வடகிழக்குப் பருவமழையில் மாட்டிக்கொள்ளும். தண்ணீர் இரண்டு நாள் தேங்கினால் போதும். பூஞ்சை பிடித்துக் கிழங்கு அழுகும்.

அப்படியானால் எப்போதுதான் நடுவது?

‘ஆடிப்பட்டம் தேடி விதை’

சம்பங்கியை ஜூன், ஜூலை மாதங்களில் நடவேண்டும் என்பது விவசாயப் பல்கலைக்கழகத்தின் சிபாரிசு. தமிழ்க் கணக்கில் வைகாசிக் கடைசி, ஆனி, ஆடி முற்பகுதி. அப்போது நட்டால் மூன்று, நான்கு மாதத்தில் பூக்கத் தொடங்கும். ஒரு தடவை நட்ட கிழங்கு இரண்டு மூன்று வருடம் பலன் கொடுக்கும்.

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்று பெரியவர்கள் சொன்னார்கள். அதில் ஒரு சொல்லைக் கவனிக்கவேண்டும். ‘தேடி’ என்றார்கள். ஆடி பிறந்ததும் கண்ணை மூடிக்கொண்டு விதை என்று அவர்கள் சொல்லவில்லை. நல்ல பதம் எந்த நாளில் வருகிறது என்று தேடிப் பார்த்து விதை என்றார்கள்.

இந்தக் காலத்தில் அந்தத் தேடல் இன்னும் கஷ்டமாகிவிட்டது.

2015-ல் வடகிழக்குப் பருவமழை கொட்டியது. சென்னை நகரம் வெள்ளத்தில் மிதந்தது. அடுத்த வருடம், 2016-ல், அதே பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட 62 சதவிகிதம் குறைந்தது. கிணறுகள் வறண்டன. 2018 நவம்பர் 16-ந் தேதி அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்து, புதுக்கோட்டை மாவட்டத்துக்குள் புகுந்தது. கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பகுதிகளில் தென்னை, பலா, மா எல்லாம் வேரோடு சாய்ந்தன. பூந்தோட்டங்களும் தப்பவில்லை.

வெள்ளம், வறட்சி, புயல். மூன்றும் நான்கே வருடங்களில்!

கஜா வருகிறது என்று வானிலை இலாகா முன்கூட்டியே எச்சரித்தது. மேட்டுக்கும் முகாமுக்கும் போய் உயிர் தப்பியவர்கள் பலர். ஆனால், தென்னை எழுந்து ஓடுமா? தோட்டம் நின்ற இடத்திலேயே நின்றது, விழுந்தது.

எச்சரிக்கை வந்த பிறகு செய்யக்கூடியது கொஞ்சம்தான். நடும்போதே ஜாக்கிரதையாக இருந்தால் செய்யக்கூடியது நிறைய.

காத்திருக்கத் தெரிந்த கிழங்கு

நாற்றுக்கும் கிழங்குக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நாற்று காத்திருக்காது. வயது தாண்டினால் வீணாகிவிடும். கிழங்கு காத்திருக்கும்.

ஐரோப்பாவில் டாலியா வளர்ப்பவர்கள் இதைத்தான் நம்பி இருக்கிறார்கள். குளிர் தொடங்கியதும் கிழங்கைத் தோண்டி எடுக்கிறார்கள். உலர்ந்த மணலில் வைத்து, பனி படாத அறையில் மாதக்கணக்கில் பாதுகாக்கிறார்கள். பனிக்காலம் நிச்சயமாக முடிந்த பிறகே தோட்டத்தில் நடுகிறார்கள். பொறுமை இல்லாதவர்கள், சில வாரம் முன்னதாகவே தொட்டியில் நட்டு வீட்டுக்குள் வைத்துக்கொள்கிறார்கள்.

சம்பங்கியும் அப்படியே. தோண்டி எடுத்த கிழங்கை உடனே நடக்கூடாது. சுமார் 30 நாள் நிழலில் உலர விடவேண்டும் என்பதே சிபாரிசு. காற்றோட்டமான இடத்தில் பரப்பி, நாலைந்து நாளைக்கு ஒரு தடவை புரட்டிவிடவேண்டும். இல்லாவிட்டால் அடியில் இருப்பது புழுங்கி அழுகும்.

இப்படிப் பத்திரமாக வைத்த கிழங்கு, இன்னும் ஒரு வாரம், பத்து நாள் நல்ல பதத்துக்காகக் காத்திருந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. கிழங்குக்கு இருக்கும் பொறுமை மனிதனுக்கும் இருக்கவேண்டும். அவ்வளவுதான்!

நஷ்டத்தைக் குறைக்கும் வழிகள்

வானத்தைக் கட்டுப்படுத்த முடியாது. ஆனால், வானம் செய்யும் நஷ்டத்தைக் குறைக்கலாம். அதற்குச் சில வழிகள் இருக்கின்றன.

முதலாவது, மண்ணைத் தோண்டிப் பார்ப்பது. ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணை எடுத்துக் கையில் பிடிக்கவேண்டும். உருண்டை பிடித்தால் ஈரம் இருக்கிறது. உதிர்ந்தால் ஈரம் இல்லை. வானத்தைவிட மண் உண்மை பேசும்.

இரண்டாவது, பார் பிடித்து நடுவது. சமமான தரையில் நடக்கூடாது. பார் கட்டி, அதன் பக்கவாட்டில் நடவேண்டும். வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி; கிழங்குக்குக் கிழங்கு எட்டு அங்குலம்; ஆழம் ஓர் அங்குலம். பெருமழை வந்தால் தண்ணீர் வாய்க்காலில் ஓடிவிடும். கிழங்கு மேட்டில் தப்பித்துக்கொள்ளும். வயலின் தாழ்ந்த மூலையில் வடிகால் வெட்டி வைப்பது அவசியம். அதை மழைக்கு முன்பே வெட்டவேண்டும். மழை பெய்யும்போது மண்வெட்டியைத் தேடக்கூடாது!

மூன்றாவது, பிரித்து நடுவது. இந்த இடைவெளியில் ஒரு ஏக்கருக்குச் சுமார் 45 ஆயிரம் கிழங்கு வேண்டும். ஒரு கிழங்கு 25 முதல் 30 கிராம் எடை இருக்கவேண்டும். மொத்தம் ஒரு டன்னுக்கு மேல் ஆகிறது. இத்தனையையும் ஒரே நாளில் மண்ணுக்குள் போடுவது, கையில் இருக்கும் பணம் முழுவதையும் ஒரே சீட்டில் கட்டுவது போன்றது. மூன்று பங்காகப் பிரிக்கலாம். இரண்டு வாரத்துக்கு ஒரு பங்காக நடலாம். ஒரு பங்கு வெயிலில் மாட்டினாலும் மற்ற இரண்டு பிழைக்கும். பூவும் ஒரே சமயத்தில் வந்து குவியாது. வீட்டில் உள்ளவர்களே பறித்துச் சமாளிக்கலாம்.

நான்காவது, கொஞ்சம் மிச்சம் வைப்பது. பத்தில் ஒரு பங்கு கிழங்கை நிழலில் வைத்திருந்தால், முளைக்காத இடங்களில் போக்கு நடலாம். புதிதாக விலை கொடுத்து வாங்கவேண்டியது இல்லை.

ஐந்தாவது, தண்ணீரை அளந்து விடுவது. நட்டவுடன் தண்ணீர் விடவேண்டும். அதன் பிறகு முளை வரும்வரை அதிகத் தண்ணீர் ஆகாது. கிழங்குக்குள்ளேயே அதற்குத் தேவையான சாப்பாடு இருக்கிறது. ஆசையால் தினமும் தண்ணீர் ஊற்றினால் அழுகல் நோய்தான் வரும்.

ஆறாவது, காற்றைத் தடுப்பது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். மேற்கு வரப்பில் நெருக்கமாக அகத்தி வளர்த்தால் காற்றின் வேகம் குறையும். மண் சீக்கிரம் காயாது. கீரையும் கிடைக்கும், ஆட்டுக்குத் தழையும் கிடைக்கும்.

ஒரு சென்டிமீட்டர் மழை என்றால் என்ன?

ரேடியோவில், டெலிவிஷனில் ‘ஏழு சென்டிமீட்டர் மழை’ என்கிறார்கள். கேட்பவர்களில் பலருக்கு அதன் அர்த்தம் தெரிவதில்லை.

மழைத் தண்ணீர் எங்கும் ஓடாமல், பூமியில் இறங்காமல் அப்படியே நின்றால் எத்தனை உயரம் நிற்குமோ, அதுதான் மழையின் அளவு. ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால், சுமார் 40 ஆயிரம் லிட்டர் தண்ணீர்! ஏழு சென்டிமீட்டர் என்றால் 2 லட்சத்து 80 ஆயிரம் லிட்டர். இவ்வளவும் ஒரே நாளில் ஓர் ஏக்கரில் விழுகிறது. வடிகால் இல்லாத தோட்டம் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

ஏழு சென்டிமீட்டர் முதல் வானிலை இலாகா ‘கனமழை’ என்கிறது. 12 சென்டிமீட்டர் முதல் ‘மிகக் கனமழை’. 20-ஐத் தாண்டினால் ‘அதி கனமழை’. மஞ்சள் எச்சரிக்கை என்றால் கவனமாக இருக்கவேண்டும். ஆரஞ்சு என்றால் தயாராக இருக்கவேண்டும். சிவப்பு என்றால் உடனே நடவடிக்கை எடுக்கவேண்டும். இது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கவேண்டிய விஷயம்.

மழையை வீட்டிலேயே அளக்கலாம். அடியும் வாயும் ஒரே அகலமாக உள்ள ஒரு டப்பாவைத் திறந்த வெளியில் வைத்தால் போதும். மறுநாள் காலையில் ஒரு ஸ்கேலை விட்டு அளந்து, நோட்டில் எழுதி வைக்கலாம். வீட்டில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை இருந்தால் அதனிடமே இந்த வேலையைக் கொடுக்கலாம். மூன்று வருட நோட்டு ஒரு வீட்டில் இருந்தால், அது பெரிய சொத்து!

செய்தியும் ஓர் உரம்தான்

இந்திய வானிலை இலாகா 1875-ல் தொடங்கியது. செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் மாவட்டவாரியாக விவசாயிகளுக்கு யோசனைகள் வருகின்றன. அடுத்த ஐந்து நாள் மழை எப்படி, காற்று எப்படி, மருந்து அடிக்கலாமா என்றெல்லாம் அதில் இருக்கும். ‘மேகதூத்’ என்ற செல்போன் செயலி 2019-ல் வந்தது. 1800-180-1551 என்ற நம்பரில் காசு இல்லாமல் விவசாய நிபுணரிடம் பேசலாம். ஆலங்குடி அருகே வம்பனில் பயறு ஆராய்ச்சி நிலையமும் விவசாய அறிவியல் நிலையமும் இருக்கின்றன. அங்கே நேரிலும் போய்க் கேட்கலாம்.

ஒன்றை மட்டும் நினைவில் வைக்கவேண்டும். அடுத்த சில நாள் பற்றிச் சொல்வதை ஓரளவு நம்பி வேலை செய்யலாம். அடுத்த மாதம் இன்ன தேதியில், இன்ன கிராமத்தில் மழை பெய்யும் என்று யாராவது சொன்னால் நம்பக்கூடாது. அப்படிச் சொல்லும் சக்தி இன்று எந்த நிபுணருக்கும் இல்லை.

நல்ல செய்தி சரியான நேரத்தில் கிடைத்தால் என்ன நடக்கும் என்பது தமிழ்நாட்டுக்குத் தெரியாதது அல்ல. 1960-களில் திருச்சி ரேடியோ, ஆடுதுறை 27 என்ற புது நெல்லைப் பற்றி விடாமல் சொல்லி வந்தது. தஞ்சை விவசாயிகள் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்!

ஆனால், இன்று ஒரு குறை இருக்கிறது. செய்தி செல்போனுக்குள் இருக்கிறது. செல்போன் மகனிடம் இருக்கிறது. மகன் வெளியூரில் இருக்கிறான். தோட்டத்தில் கிழங்கு நடுகிறவளோ தாய். அவளுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவேண்டாமா?

வாரம் இரண்டு தடவை வரும் அந்த யோசனையை ஊராட்சி அலுவலகப் பலகையில் பெரிய எழுத்தில் எழுதிப் போடலாம். எழுதுவதற்கு ஒரு சாக்குக்கட்டி போதும். பால் சொசைட்டியிலும் பூ மார்க்கெட்டிலும் ஒலிபெருக்கியில் படிக்கலாம். பள்ளிக்கூடம்தோறும் ஒரு மழைமானி வைக்கலாம். கோடிக்கணக்கான பணம் தேவைப்படும் திட்டம் அல்ல இது. மனம் இருந்தால் போதும்.

கடனும் காலண்டரும்

விவசாயி ஏன் அவசரப்படுகிறான்? அறியாமையால் மட்டும் அல்ல. கடன் அவனை விரட்டுகிறது.

இன்ன தேதிக்குள் தவணை கட்டவேண்டும். அதற்கு இன்ன மாதத்தில் பூ வரவேண்டும். அதற்கு இன்ன வாரத்தில் நட்டாகவேண்டும். இப்படிக் கடன்காரனின் காலண்டரைப் பார்த்து நடுகிறான். மண்ணில் ஈரம் இல்லை என்று தெரிந்தே நடுகிறான்! தவறு யாருடையது?

மழைக்குத் தேதி இல்லாதபோது, விவசாயக் கடனுக்கு மட்டும் கறாரான தேதி வைப்பது நியாயம் அல்ல. பட்டம் தள்ளிப்போகும் வருடத்தில் தவணையும் தானாகத் தள்ளிப்போகவேண்டும். அதற்காக விவசாயி மனு எழுதிக்கொண்டு அலையக்கூடாது. கடன் கொடுக்கும் கூட்டுறவுச் சங்கங்களும் பாங்குகளும், முன்பணம் கொடுக்கும் பூ வியாபாரிகளும் இதை யோசிக்கவேண்டும். பயிர் பிழைத்தால்தான் கடன் திரும்பி வரும். இது கருணை அல்ல, கணக்கு.

கிராமத்து ஜனங்களுக்கும் ஒரு கடமை இருக்கிறது. மழை வரும்போது பிடித்து வைக்க இடம் வேண்டும். கஜாவுக்குப் பிறகு கீரமங்கலம், கொத்தமங்கலம் பகுதி இளைஞர்கள் சொந்தப் பணம் போட்டுக் குளங்களைத் தூர் வாரினார்கள். அரசாங்கம் வரட்டும் என்று உட்கார்ந்திருக்கவில்லை. நிரம்பிய குளம் பக்கத்தில் இருந்தால், மழை பத்து நாள் தாமதித்தாலும் தோட்டம் தாங்கும்.

வீட்டு வாசலிலும் பூக்கும்

நிலம் இல்லாதவர்களும் கிழங்குப் பூ வளர்க்கலாம். அடியில் ஓட்டை உள்ள ஒரு மண் தொட்டி போதும். செம்மண், மணல், மக்கிய எரு மூன்றையும் கலந்து போடவேண்டும். சம்பங்கிக் கிழங்கு நான்கை ஆனி மாதம் நடலாம். சமவெளியில் டாலியா வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் வெயில் தணிந்த பிறகு, புரட்டாசி, ஐப்பசியில் தொடங்கவேண்டும். வெயில் அதிகமானால் தொட்டியை நிழலுக்கு நகர்த்தலாம். மழை அதிகமானால் தாழ்வாரத்துக்குள் இழுக்கலாம். தோட்டத்தை நகர்த்த முடியாது. தொட்டியை நகர்த்தலாம் அல்லவா?

பிள்ளைகளுக்கு இது நல்ல பாடம். கிழங்கை நட்ட மறுநாளே மண்ணைக் கிளறி, முளைத்துவிட்டதா என்று பார்க்கத் தோன்றும். கிளறக்கூடாது என்று சொல்லவேண்டும். அதற்கு உரிய நாளில் அது வெளியே வரும்.

பெரியவர்களுக்கும் அதே பாடம்தான். சோம்பேறித்தனம் வேறு, பொறுமை வேறு. மண்ணைத் தோண்டிப் பார்த்து, வானிலைச் செய்தியைக் கேட்டு, வடிகால் வெட்டி வைத்து, கிழங்கை நிழலில் புரட்டிக்கொண்டே காத்திருக்கிறானே, அவன் சோம்பேறி அல்ல. அவன்தான் புத்திசாலி விவசாயி.

அவனை அவசரப்படுத்தாமல் இருப்பது மற்றவர்களின் கடமை.